மூன்றாம் பேஸை மிதிக்காதவன்

வெர்னன் கூபிசெக்கும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஊர் பேஸ்பால் அணிக்கு அவன் இருபத்திரண்டு வருடமாகக் கோச். ஒருமுறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் போகலாம். அம்பயர் நான். என் நேரம்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், சமநிலை, பேட் செய்த எதிரணியில் இரண்டு பேர் அவுட். பந்தில் அடி விழுந்ததும் இரண்டாம் பேஸில் நின்றவன் ஓட்டமெடுத்தான். மூன்றாம் பேஸ் திண்டை மிதித்துத்தான் திரும்ப வேண்டும்; அவன் குறுக்கே வெட்டினான். அரையடி தள்ளி மிதித்தான், பேஸில் கால் படவே இல்லை. என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ரன்னுக்காகக் கடைசியில் தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கினான். வெர்னனின் கேட்சர் பந்தோடு அவனைத் தொடுவதற்குள் கை பிளேட்டில் பட்டுவிட்டது. 'சேஃப்' என்றேன்; ரன் உண்டு, எதிரணிக்கு வெற்றி. கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்தது.

பேஸை மிதிக்காமல் ஓடியவனைப் பற்றி அம்பயர் தானாக வாய் திறக்கக் கூடாது. பந்தோடு அந்த பேஸைத் தொட்டு வெர்னன் ஆட்கள் கேட்க வேண்டும். கேட்டால் அவன் அவுட், ரன் செல்லாது, ஆட்டம் தொடரும். கேட்காமல் அவர்கள் எல்லோரும் ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போய்விட்டால் அவ்வளவுதான். இந்த விதியை எழுதிய மகராசன் என் கையில் கிடைக்க வேண்டும்.

வெர்னன் ஓடிவந்தான்.

"கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காந்து மக்காச்சோளம் உரிக்க வேண்டியதுதானேடா? கேட்சர் எப்பவோ தொட்டுட்டான்."

"கை முதல்ல பட்டுச்சு, வெர்னன்."

"கிழிச்ச."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரஷ்ஷை எடுத்துச் சுத்தமாக இருந்த பிளேட்டையே துடைத்தேன். வேறு ஏதாவது கேட்டுத் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மூன்றாம் பேஸில் நின்ற வெர்னன் அணி லைல், பந்தைப் போடச் சொல்லி கேட்சருக்குக் கை காட்டினான். கேட்சர் என்னை முறைப்பதில் மும்முரமாக இருந்தான்.

"கோச், ஒரு நிமிஷம், அவன் இங்க..."

"வாயை மூடு லைல், நான் பேசிக்கிட்டிருக்கேன்ல. இந்தக் குருடன்கிட்ட என்ன பேச்சு? வாங்கடா எல்லாரும். ஒருத்தன் உள்ள நிக்கக் கூடாது."

ஒவ்வொருவராகப் போனார்கள். லைல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு கடைசியாகக் கோட்டைத் தாண்டினான்.

பெஞ்ச் பக்கம் லைல் ஏதோ சொல்வது தெரிந்தது. வெர்னன் திரும்பி வந்தான். இந்த முறை ஓடவில்லை.

"மூணாவது பேஸ்ல... நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அவ்வளவு நேரம் திட்டினேனே. மரம் மாதிரி நின்னியே."

"நீ வேற ஒண்ணைக் கேட்டுக்கிட்டிருந்த. நானா சொல்லக் கூடாது."

அவனுக்குத் தெரியாத விதியா? ஒவ்வொரு ஏப்ரலிலும் அணிக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான். இன்னும் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்றிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பிளேட்ல அவன் சேஃப்தான்," என்றான். "எனக்கு அப்பவே தெரியும்."