நசாரியாவின் கிழக்குச் சுவர்

தடால்!

சத்தத்தில் அடுப்பின் மேலிருந்த உருளைக்கிழங்குப் பானையே குலுங்கியது. நசாரியா அகப்பையும் கையுமாக வெளியே ஓடினாள். எங்கும் புழுதி. காலையில் கிழக்குச் சுவர் நின்ற இடத்தில் இப்போது மலை தெரிந்தது.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டீங்களா?"

"யாரும் சாகல. உன் சிச்சாப் பானைதான் போச்சு," என்று இருமிக்கொண்டே வந்தாள் பக்கத்து வயல்காரி மெல்சோரா. இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்ற கைமாற்று வேலைக்கு வந்தவள். "அந்தச் சோளக்கள்ளு போனதுக்கு நானே போயிருக்கலாம்."

வேலையாட்கள் சிரித்தார்கள். நசாரியா சிரிக்கவில்லை. மலை முகட்டில் மழைமேகம் திரண்டுகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் இறந்தவர் திருநாள், அன்று ஊர்க்கூட்டம். அதற்குள் கூரை ஏறாத மனையை ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்புறம் சாகும்வரை, இப்போது போலவே, கொழுந்தன் ருபீனோ வீட்டின் பின்பக்க அறைதான். அவன் பெண்டாட்டி அளந்து ஊற்றும் சூப்புதான்.

உடைந்து கிடந்த சுடாத மண்கல் ஒன்றை எடுத்துப் பிளந்தாள். வெளியே எலும்பு போலக் காய்ந்திருந்தது. உள்ளே கருகருவென்று ஈரம். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது.

"இது என் கல்லு இல்ல," என்றாள்.

அவள் கல் அறுத்தது மழை விட்ட கையோடு. குத்துக்கல்லாக நிறுத்தி, திருப்பித் திருப்பிக் காயவைத்து, வரிசைக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்துத்தான் காயவைத்த இடத்தில் அடுக்கியிருந்தாள்.

"நானும் பாத்தேன், கல்லு கனமாத்தான் இருந்துச்சு," என்றாள் மெல்சோரா. "எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"இத பாரு. பார்லித் தாளு. நான் மிதிச்ச மண்ணுல மலைப்புல்லுதான் போட்டேன்."

பார்லி அடிக்கிற களம் அந்தப் பக்கத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, பொம்பள கட்டின சுவரு பொழுது சாயறதுக்குள்ள சாஞ்சிருச்சு?" என்றான் ருபீனோ.

நசாரியா அகப்பையைக் கீழே போடாமலே அவனைத் தாண்டி அவன் வீட்டுக் கொல்லைக்கு நடந்தாள். மொத்தக் கூட்டமும் பின்னால் போனது. புருஷன் அன்செல்மோ மட்டும் கடைசியில் காலை இழுத்து இழுத்து வந்தான்.

"விடு நசாரியா. கல்லுதான, மறுபடி அறுத்துக்கலாம்."

"மழையிலயா அறுப்ப? உன் தலையில வச்சா காயவைப்ப?"

கொல்லையில் புதுப் பன்றிக்கொட்டகை. தாய்ப்பன்றி சுகமாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவரில் ஒரு கல்லின் மேல் நாய்க்கால் தடம். மூன்று விரல்தான். நசாரியாவின் ஒரு விரல் போன நொண்டி நாய், ஈரக் கல்லின் மேல் நடந்து அவளிடம் உதை வாங்கிய நாள் எல்லோருக்கும் நினைவிருந்தது.

"என் வீடு உன் பன்னிக்கா?" அகப்பை ருபீனோவின் தோளில் இறங்கியது. "பன்னிக்குக் காஞ்ச கல்லு, எனக்குச் சேறா? அந்தச் சுவத்துக்கடியில மெல்சோரா நின்னிருந்தா? ஊர்க்கூட்டத்துல உன் தோலை உரிக்கிறேன் பாரு!"

"அடிக்காதீங்க அண்ணி! நான் திருடல, மாத்திக்கிட்டேன்! கேட்டுட்டுத்தான் எடுத்தேன்!"

"யாரக் கேட்ட? என்னயா கேட்ட?"

ருபீனோவின் கண் அவளைத் தாண்டிப் போனது. நசாரியா திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாளாகக் காயவைத்த இடத்திலிருந்து கல் சுமந்து வந்து மெல்சோராவின் கையில் கொடுத்தவன் அன்செல்மோ. ஒவ்வொரு கல்லின் கனமும் அவன் முதுகுக்குத் தெரியும்.

"நீயா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

"உள்ள ஈரம்னு தெரிஞ்சே சுமந்தியா? ஒவ்வொரு நாளும் சேறு மிதிச்சு என் காலு வெடிச்சுக் கெடக்கு. நீ பாத்துக்கிட்டே இருந்த. ஏன்யா? தம்பி வீட்டுச் சூப்பு அவ்வளவு ருசியா? வாயத் தொறந்து சொல்லுய்யா, ஊரே நிக்குதுல்ல!"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பன்றிகூட உறுமுவதை நிறுத்திவிட்டது.

"புது வீட்டுக்குள்ள சுவத்தோரமா மண்ணுல படுக்கைத் திட்டு எழுப்பி வச்சிருக்கியே," என்றான் அன்செல்மோ, தரையைப் பார்த்தபடி. "அதுல ஒரு ஆளுதான நசாரியா படுக்க முடியும்?"