நரி சொன்ன ‘நீங்கள்’

தன் நாவலை ஸெனோன் தடை செய்வான் என்றுதான் லுத்விகா எதிர்பார்த்துப் போனாள். அதற்கு அவள் தயார். அச்சடிக்கப் போகிறேன் என்று அவன் சொல்வான் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

இருவரும் ஒரே வகுப்பில் இலக்கியம் படித்தவர்கள். அப்போது அவன் எழுதிய கவிதை ஒன்றைப் படித்துவிட்டு எல்லோர் முன்னாலும் விழுந்து விழுந்து சிரித்தவள் இவள். அவன் மறப்பானா? இப்போது வூட்ஜ் நகரத்து அரசுப் பதிப்பகத்தில் அவன் தலையாட்டினால்தான் எதுவும் அச்சேறும். நெசவாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்து பிழைத்துக்கொண்டு, வருஷக்கணக்காக இவள் எழுதிய ஒரே நாவல் அவன் மேசையில் கிடந்தது. நரிகளுக்குப் பயந்த வாத்துகள், ஒரு நரியையே காவலுக்கு வைத்துக்கொள்ளும் கதை. அது எந்த நாட்டைப் பற்றியது என்று கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட போலந்தில் யாரும் கேட்கத் தேவையில்லை.

எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீரை அவன் தனக்கு மட்டும் வரவழைத்துக்கொண்டான்.

“தடை பண்ணா நீங்க பெரிய ஆளாயிடுவீங்க,” என்றான். “கார்பன் தாள் வச்சுப் படி எடுத்து, சமையலறைக்குச் சமையலறை படிச்சிட்டு ஆகா ஓகோம்பாங்க. அந்த யோகம் என் கையால உங்களுக்கு வராது.”

அப்புறம் கதையைக் கூறுபோட ஆரம்பித்தான். இதில் அரசியல் இருக்கிறது, இலக்கியம் இல்லை என்றான். நரி என்றால் இன்னார், கூண்டு என்றால் இன்னது என்று கண்டுபிடித்துவிட்டால் அதற்குமேல் படிக்க என்ன மிச்சம் என்று கேட்டான்.

“நல்ல கதையில அரசியலை உருவி எடுத்துட்டாலும் கதை மூச்சு விடும். உங்க வாத்து விடாது.”

படுபாவி, சரியான இடத்தில் கைவைத்தான். அவளை அரித்துக்கொண்டிருந்த சந்தேகமே அதுதான். தைரியத்துக்காக நாலு பேர் பாராட்டுவார்கள். ஆனால் கதை கதையாக நிற்குமா? அதை அவள் யாரிடமும் கேட்டதில்லை, பயம்.

ஆகவே வண்ணப் படங்களோடு குழந்தைகள் புத்தகமாகப் போடப் போவதாகச் சொன்னான். மாற்றம் ஒன்றே ஒன்று. அந்த ஊரில் சாதாரண மனிதர்கள் ‘ஐயா வரட்டும்’, ‘அம்மா உட்காரட்டும்’ என்றுதான் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். மொட்டையாக ‘நீங்கள்’ போட்டுப் பேசுவது கட்சி ஆட்கள். ஒரு காலத்தில் அவளை வாடி போடி என்ற ஸெனோனும் இப்போது அப்படித்தான் பேசினான். நாவலில் நரியும் வாத்துகளிடம் அப்படித்தான் பேசியது.

கிராமத்துக் கிழவிகளிடமும் அந்தப் பேச்சு உண்டே என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“நரி கிராமத்துக் கிழவி இல்ல, தோழர்,” என்று சொல்லிவிட்டு, அவனே சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு ‘நீங்க’ளையும் அடித்து ‘அம்மா’ என்று எழுதினான்.

மாட்டேன் என்றால் நாவல் அவன் அலமாரிக்குள்ளேயே மக்கிப் போகும். சரி என்றாள். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

புத்தகம் வந்தது. அட்டையில் கழுத்தில் ரிப்பன் கட்டிய வாத்துகள், பல்லிளித்துக்கொண்டு ஒரு நரி. கள்ளப்பிரதிகளைக் கைமாற்றிப் படிக்கிற அவள் நண்பர்கள் அவளைக் கண்டால் டிராமின் மறுகோடிக்கு நகர்ந்தார்கள். வாத்துக்கு ரிப்பன் கட்டினவள் என்று அவளுக்குப் பெயரும் வைத்தாயிற்று. என்ன ஜென்மங்களோ, ஒருத்தன்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

குழந்தைகள் தினத்தன்று நகர நூலகத்தில் அவளையே வாசிக்கச் சொல்லி ஏற்பாடு செய்தவனும் ஸெனோன்தான். வேடிக்கை பார்க்க முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், வாயெல்லாம் ஜாம். அவள் உயிரில்லாத குரலில் படித்துக்கொண்டே போனாள்.

“நரி சொன்னது: அம்மா கூண்டுக்குள்ளே போகட்டும். அம்மாவின் நன்மைக்குத்தான்.”

“நரி அப்படிப் பேசாது,” என்றாள் ஒரு சிறுமி.

ஸெனோனுக்கு ஒரே குஷி. கதையில் பிள்ளைகளே குற்றம் கண்டுபிடிக்கிறார்களே. “பின்ன எப்படிக் கண்ணு பேசும்?” என்று குனிந்து கேட்டான்.

சிறுமி எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள், வயிற்றை முன்னால் தள்ளினாள், தொண்டையைக் கனைத்தாள்.

“நீங்க உள்ள போங்க. உங்க நன்மைக்குத்தான்.”

பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். இன்னொருவன் எழுந்து அதே மாதிரி வயிற்றைத் தள்ளினான், அப்புறம் நாலு பேர், அப்புறம் கூடமே ‘நீங்க உள்ள போங்க’ என்று கத்தியது. பிள்ளைகளைக் கூட்டி வந்த ஆசிரியைகள் இருவரும் முகம் வெளுத்துத் தரையைப் பார்த்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நரி எப்படிப் பேசும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கோட்டு மாட்டும் இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான் ஸெனோன்.

“நீதான்டி சொல்லிக் குடுத்திருக்க,” என்றான். பல வருஷம் கழித்து அவன் வாயில் ‘டி’ வந்தது. புத்தகப் பிரதிகள் எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திரும்ப எடுப்பதாகவும், நாளையிலிருந்து அவள் ஆலைப் பக்கம் தலை காட்ட முடியாதென்றும் உறுமினான்.

அவன் செய்வான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வாடகையும் குளிர்காலமும் அவள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் கேட்டாள்.

“வெறும் வாத்துக் கதைன்னு அச்சடிச்சவன் நீ. இப்ப என்ன காரணம்னு எழுதித் திரும்ப எடுப்ப? அந்த ஒரு வார்த்தையை மட்டும் நீ எதுக்கு மாத்துனேன்னு மேல இருக்கறவன் கேட்டா?”

கூடத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. அதில் அரசியல் எது, கதை எது என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

லுத்விகா அவனுடைய கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து, தோள் பக்கம் விரித்துப் பிடித்தாள்.

“ஐயா வீட்டுக்குப் போகட்டும்,” என்றாள். “ஐயாவின் நன்மைக்குத்தான்.”