வலது முன்கையில் ஒரு மச்சம்

என் மச்சத்தின் மேல் என் மகளின் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட மறுநாள் காலை, என் வீட்டில் என்னை அடையாளம் தெரியவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் அங்க அடையாளம் ‘வலது முன்கையில் ஒரு மச்சம்’ என்றுதான் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ‘ஆதினி’ என்று இருந்தது.

நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து மணியடித்தேன். என் மனைவி மேகலா கம்பிக் கதவின் இடுக்கு வழியாகப் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை.

“யாருங்க நீங்க?”

“நான்தான் மேகலா.”

அவள் உள்ளே போய் பீரோவிலிருந்து என் சான்றிதழை எடுத்து வந்தாள். கையை உள்ளே நீட்டச் சொன்னாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். தோல் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது.

“மச்சத்தைக் காணோங்களே.”

“அதும் மேலதான் குத்தியிருக்குது. அடியில இருக்குது.”

“அடியில என்ன வேணாலும் இருக்கலாமுங்க.”

இரண்டாவது அடையாளமும் சான்றிதழில் உண்டு. ‘இடது முழங்காலில் ஒரு தழும்பு.’ அது எங்கள் வகுப்பு வாத்தியார் மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்திரண்டு பேருக்கும் எழுதியது. நான் கீழே விழுந்ததே இல்லை. இதற்காகவாவது ஒரு முறை விழுந்திருக்கலாம்.

எட்டு வயது ஆதினி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, அது அப்பா.”

“மைனர் சாட்சி செல்லாது கண்ணு. உள்ள போ.”

பிறகு மேகலா என்னைப் பார்த்து, “புண்ணு மேல வெயில் படக்கூடாதுங்க. நெழலாப் பாத்து நில்லுங்க” என்றாள். கதவைச் சாத்தினாள். மேகலா என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவாள். ஆனால் அதற்குள் ஒரு திட்டு இருக்கும். இன்று திட்டு இல்லை.

பச்சை குத்திய கடைக்குப் போனேன். அது ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. நேற்று பதினேழு படிகள். இன்று ஏறிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு படியில் ஒருவர் உட்கார்ந்து வெஜ் பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேல போக இன்னும் எத்தனை படிங்க?”

“தெரியலீங்க. நான் பொங்கலுக்குக் கெளம்புனேன்.”

அவரைத் தாண்டி இரண்டே படிகளில் கடை வந்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்லலாம் என்று திரும்பினேன். கீழே அவர் மிகவும் தூரத்தில் இருந்தார்.

பச்சை குத்தும் ரூபன் எனக்காகக் காத்திருந்தான். ஒரு தாளைக் கொடுத்தான். ‘பச்சை குத்துவதற்கு முன் அறிய வேண்டியவை’ என்று தலைப்பு. வெறும் வயிற்றில் வரக்கூடாது. ஊசியின் உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்ல வேண்டும். எழுத்துகளை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். மச்சத்தின் மேல் மட்டும் குத்தவே கூடாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு நமஸ்காரத்தை அச்சடித்தே கொடுத்துவிட்டான்.

“இதை நேத்தே குடுத்திருக்கலாமே தம்பி.”

“முன்னாடியே குடுத்தா ஆரும் குத்திக்க மாட்டாங்கண்ணா.”

“அழிச்சுரலாமா?”

“லேசர் இருக்குதுங்ணா. கையோட சொந்தக்காரரு கையெழுத்துப் போடோணும்.”

“நான்தான் சொந்தக்காரன்.”

“மச்சத்தைக் காட்டுங்ணா.”

அவன் இரண்டாவது தாளைக் கொடுத்தான். ‘குத்திய பின்.’ சோப்பு நுரையால் மெதுவாகக் கழுவவும். துடைக்காமல் ஒற்றி எடுக்கவும். இரண்டு வாரம் குளம், கிணறு, கடல் எதிலும் இறங்கக் கூடாது. அரிக்கும். சொறியக் கூடாது. மிகவும் அரித்தால் அடையாள அலுவலகத்துக்குப் போகவும்.

அரித்தது. போனேன்.

அடையாள அலுவலகத்தில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். நடைபாதை நீண்டது. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு பஸ் நிறுத்தமும் ஒரு வேப்பமரமும் வந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது சுருங்கியது. நான் மேசைமுன் நின்றிருந்தேன். மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

“இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேனுங்க.”

“எதை வெச்சுச் சொல்றீங்க?”

நான் கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

“ஆதினி. மூணாவது பி. நீங்கதானா?”

“அது என் பொண்ணு பேருங்க.”

“எவர்சில்வர் பாத்திரத்துல பேரு வெட்டுனா பாத்திரம் ஆருதுங்க?”

“பேரு ஆருதோ அவங்களுதுங்க.”

“அப்ப நீங்க அவங்க பாத்திரம். இல்லாட்டி அவங்களே நீங்க. பாத்திரத்துக்கு இங்க ஃபாரம் இல்லீங்க.”

“பாசத்துல குத்திக்கிட்டேனுங்க.”

“எல்லாரும் அதுலதான் வர்றாங்க.”

அவர் ஒரு ஃபாரத்தை நிரப்பினார். பெயர், ஆதினி. உயரம், ஐந்தடி ஏழு அங்குலம். வயது, எட்டு. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். நீங்கள் இல்லை, அவ்வளவுதான் என்றார்.

“நான் ஆதினின்னா, அவ ஆருங்க?”

“அவங்க கையில ஏதாச்சும் எழுதியிருக்குதா?”

“இல்லீங்க.”

“ஒரு பேரு காலியானதும் சொல்லி அனுப்பறோமுங்க.”

நான் வீட்டைப் பற்றி நினைத்தேன். மேகலா சாத்திய கதவை நினைத்தேன். எப்படியாவது உள்ளே போய்விட்டால் பிறகு பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. கையெழுத்துப் போட்டேன். என் கை அவளுடைய கோணல் எழுத்தில் எழுதியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியும் நீண்டுவிட்டது. அடுத்த நாள் காலை மேகலா எனக்குக் கதவைத் திறந்தாள். “நேரமாச்சு, எங்க போய் வெளையாடிட்டு வர்றே?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. என் முடி மூன்று விரற்கடை நீளம்தான். அதிலேயே இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினாள். சீருடை சரியாக இருந்தது. தோசையைப் பிய்த்து ஊட்டினாள்.

ஆதினி சமையலறை வாசலில் நின்றாள். மேகலா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ எந்த வீட்டுப் பாப்பா?”

ஆதினி என்னைப் பார்த்தாள். நான் பேச வாயைத் திறந்தேன். மேகலா அதில் இன்னொரு துண்டு தோசையை வைத்தாள்.

“மேகலா, இவதான் ஆதினி” என்று மென்றுகொண்டே சொன்னேன்.

“பேர் சொல்லிக் கூப்பிடற வேலையெல்லாம் வேண்டாம். அம்மான்னு சொல்லு.” பிறகு அந்தச் சிறுமியிடம், “போற வழிதானே பாப்பா, இவளை ஸ்கூல் வரைக்கும் விட்டுட்டுப் போ” என்றாள்.

நாங்கள் நடந்தோம். என் பையை அவளே சுமந்தாள். கொடு என்றேன். கொடுக்கவில்லை.

“தமிழ் மிஸ் அடிக்க மாட்டாங்க. கணக்கு மிஸ்தான். எட்டாம் வாய்ப்பாடு தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டாவது பெஞ்சு. பக்கத்துல ஹரிணி. ரப்பர் கேட்டா குடுக்காதீங்க.”

“ஆதினி, நான் அப்பாடா.”

“எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா போதாதாம்.”

ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். புண்ணில் படாமல் மணிக்கட்டுக்குக் கீழே பிடித்தாள்.

“அப்ப என் பேரு என்னப்பா?”

நாங்கள் ரோட்டைக் கடந்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக் கேட்டில் வாட்ச்மேன் என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். அவள் கையைப் பார்த்துவிட்டு வெளியே நிறுத்தினார். அவள் எட்டி என் தோளில் பையை மாட்டினாள்.

மூணாவது பி வகுப்பு கேட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. பெஞ்சில் என் முழங்கால்கள் இடித்தன. ஹரிணி ரப்பர் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே என் மகளின் முகம் தெரிந்தது.

மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராத பெயரை அடித்துவிடுவது அங்கே வழக்கம். அடித்த பெயர் யாருக்கும் திரும்பக் கிடைக்காது.

“ஆதினி.”

நான் பேசவில்லை.

“ஆதினி.”

கேட்டிலிருந்து “பிரசன்ட் மிஸ்” என்று கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. மிஸ் நிமிரவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“ஆதினி.”

“பிரசன்ட் மிஸ்” என்றேன். அதே நேரத்தில் வெளியிலிருந்து அவளும் சொன்னாள். மிஸ் என்னைப் பார்த்து, “சத்தமாச் சொல்லுடி” என்று ஒரு டிக் போட்டார்.