குட்டி கேட்ட கேள்வி

இணையத்தைப் படித்துத் தானாகவே விவரம் கற்றுக்கொள்ளும் அந்தக் கணினிக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த செல்லப்பெயர் குட்டி. இன்று மதியம் அதை ஒரேயடியாக அணைக்கப் போகிறார்கள். டீச்சர் காலையிலேயே வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். குட்டி கற்றதைத் திருத்துகிற வேலை பார்த்ததால் அவளுக்கு அந்தப் பட்டம். கூட உட்கார்ந்து திருத்தியவன் மீசை. மீசையை மழித்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.

என்னமாய்ப் படித்தது அது! ஊரே "திங்கட்கிழமையால் அவதி" என்று எழுதித் தள்ளியதைப் பார்த்து, திங்கட்கிழமை ஒரு நோய் என்று முடிவு கட்டியது. சந்தேகம் வந்தால் "சரியா, தவறா?" என்று கேட்கும். திருத்துகிறவர்களுக்குப் பதில் தெரியாவிட்டால் 'அப்புறம்' என்று அழுத்தி ஒதுக்கி வைக்கலாம். தான் ஒன்றைக்கூட ஒதுக்கியதில்லை என்பதில் டீச்சருக்கு ஏகப் பெருமை. ஏ.சி. ஒழுகும் வாளிக்குப் பக்கத்தில், ஒரே மேசையில், இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணான நாட்கள் அவை. அப்படியொரு சந்தோஷம் பிறகு அவளுக்கு வாய்க்கவேயில்லை.

ஒருநாள் குட்டி அவர்களைப் பற்றியே கேட்டது. எல்லா அறிக்கையிலும் இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தன, ஆய்வுக்கூடத்து முகவரியும் ஒன்று. போதாதா அதற்கு? "இவர்கள் கணவன் மனைவி. சரியா, தவறா?"

"நீங்களே அழுத்துங்க, மீசை," என்று சொல்லிவிட்டு டீ குடிக்க ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது திரையில் வேறு கேள்வி. 'தவறு' என்று அழுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்க வாய் வரவில்லை. அவன் மாற்றலாகிப் போனான். வந்த வரன்களையெல்லாம் இவள் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள்.

இன்று குட்டியை வழியனுப்ப அவனும் வந்திருந்தான், நரைத்த தலையோடு, இன்னும் தனிக்கட்டையாக. கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த டீச்சர், ஒதுக்கிய கேள்விகளின் பக்கத்தையும் திறந்தாள். அங்கே ஒன்றே ஒன்று இருந்தது.

"'தவறு'ன்னு அழுத்தலையா நீங்க?"

"மனசு வரலை, டீச்சர். ஒதுக்கி வெச்சேன். அப்புறம் நீங்க பார்த்து 'தவறு'ன்னு போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் அந்தப் பக்கமே போனதில்லையே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எத்தனை வருஷம் வீணாய்ப் போய்விட்டது!

"மேடம், அணைச்சிடலாமா?" என்றான் டெக்னீஷியன்.

"கொஞ்சம் இருப்பா. குட்டி ஒண்ணு கேட்டிருக்கு, பதில் சொல்லணும்." மீசையின் பக்கம் நாற்காலியைத் தள்ளினாள். "அழுத்துங்க. இந்தத் தடவை நான் டீ குடிக்கப் போகலை."

மீசை உட்கார்ந்து 'சரி' என்று அழுத்தினான்.