இரண்டாமவனின் சம்மட்டி

பழைய காசு ஒன்றை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் அதன் தாய் வேண்டும். எங்கள் நாணயச்சாலையில் அப்படித்தான் சொல்வோம். அச்சு என்பது குழிவானது. படம் எஃகுக்குள் இறங்கியிருக்கும். இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெறும் உலோக வில்லையை வைத்து இடித்தால் குழிகள் எல்லாம் மேடாகி வில்லையில் ஏறும். இடித்து இடித்து அச்சு தேய்ந்துவிடும். அதனால் முதலில் செதுக்கிய அச்சின் மேல் இன்னொரு எஃகுத் துண்டை அழுத்தி, காசைப் போலவே மேடான ஒரு பிரதி எடுத்துப் பூட்டி வைப்போம். அதுதான் தாய். அதிலிருந்து எத்தனை அச்சு வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம். தாய் இருக்கிறவரை காசுக்குச் சாவில்லை.

குடியரசின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்காகப் பழைய காசுகளில் ஐந்தை மீண்டும் வெளியிட அரசு முடிவு செய்து, தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டது. தலைவர், ஓய்வுபெற்ற நிதித்துறைச் செயலாளர். அப்புறம் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். தலைவர் தலையாட்டினால் தாங்களும் ஆட்டுவதற்கு அதிகாரிகள் இருவர். அச்சுப் பிரிவின் மேற்பார்வையாளன் என்ற முறையில் நானும் இருந்தேன்.

நாலு காசுகளில் சண்டையே வரவில்லை. பாலம், கப்பல், கதிர்க்கட்டு, பழைய நாடாளுமன்றக் கட்டடம். ஐந்தாவது இடத்துக்குத்தான் இழுபறி. கலங்கரை விளக்கமா, நாலு பேர் காசா? நான் நாலு பேருக்காக வாய் வலிக்கப் பேசினேன். காரணம் எல்லோருக்கும் தெரியும். அதைச் செதுக்கியவள் என் அக்கா. பெரிதாகச் செய்த படத்தை எந்திரத்தில் சிறிதாக்கும் வசதி வருவதற்கு முன்பு, உளியும் உருப்பெருக்கியுமாக உட்கார்ந்து நேரே எஃகில் வெட்டியது. சாலை போடும் ஆட்கள் நாலு பேர், தோளில் சம்மட்டியோடு நம்மைப் பார்த்து நிற்பார்கள். ஆள் ஒரு அரிசி நீளம்தான் இருப்பான். ஆனால் முட்டி மடங்கியிருப்பதில் களைப்பு தெரியும்.

பேராசிரியர் காசை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன, ரெண்டாவது ஆளு மட்டும் பீச்சாங்கைக்காரனா? மூணு பேருக்குச் சம்மட்டி வலது தோள்ல, இவனுக்கு இடது தோள்ல. பக்கத்து ஆளோடதோட முட்டிக்கிற மாதிரி இருக்கே."

"காசு சேர்க்கிறவங்களுக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம் சார். அது பிழை" என்றேன்.

"எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்விதான். யாராவது எப்படி என்று கேட்டுவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் வாயாகிவிடும். ஒரு தாளில் வரைந்தே காட்டினேன். அச்சு கண்ணாடி மாதிரி. அதில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்க வேண்டும். காசில் வலது தோளில் இருக்கிற சம்மட்டியை அச்சில் இடது தோளில் வெட்ட வேண்டும். மணிக்கணக்காகக் குனிந்து வெட்டும்போது ஒரு நொடி நினைவு தப்பி, தாளில் இருப்பதை அப்படியே வெட்டிவிட்டால் காசில் கை மாறிப்போகும். எழுத்தைக்கூட இப்படித் திருப்பி வெட்டியவர்கள் உண்டு.

தலைவர் சிரித்தார். "அப்ப மூணு பேருக்கு ஞாபகம் இருந்திருக்கு, ரெண்டாவது ஆளு சாப்பாட்டு நேரத்துல வந்து நின்னிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரி பண்ண முடியுமா?"

"தாராளமா சார்." அதையும் விளக்கினேன். தாயில் படம் மேடாக இருக்கிறது; மேட்டைச் சீவலாம், புதிதாக ஒட்ட முடியாது. அச்சில் படம் குழியாக இருக்கிறது; புதிதாகத் தோண்டலாம், தோண்டியதை அழிக்க முடியாது. ஆகவே தாயில் இடது தோள் சம்மட்டியைச் சீவிவிட்டு, அந்தத் தாயிலிருந்து அச்சு எடுத்து, அச்சில் வலது தோளுக்கு வேறு சம்மட்டி தோண்டினால் முடிந்தது.

"பிரமாதம். அப்ப இதையே எடுத்துக்கலாம், திருத்தத்தோட. உங்க அக்காவையும் விழா மேடைக்குக் கூப்பிடுவோம். இத்தனை வருஷம் கழிச்சு அவங்க தப்பை அரசாங்கமே சரி பண்ணிக் கொடுக்குதுன்னா அவங்களுக்கும் ஒரு நிம்மதி பாருங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

பேருந்துப் பணிமனைக்கு எதிரே இரண்டு அறைகள் கொண்ட வீடு. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து சமையல் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் எல்லோருடைய கத்தியும் அவளிடம்தான் வரும்.

"உன் காசு எடுபட்டுச்சுக்கா!"

கல்லில் கத்தி நின்றது. "எந்தக் காசு?"

"நீ என்னமோ நூறு காசு போட்ட மாதிரி கேக்குற. நாலு பேர்தான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. "அப்படியேவா அடிக்கப்போறீங்க?"

"அப்படியே எதுக்கு? அந்தப் பிழையையும் நானே சரி பண்ணிடறேன். ரெண்டாவது ஆளை வலக்கைக்காரனா ஆக்கிடலாம். இனிமே எவனும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

அக்கா கத்தியை எடுத்து ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"டேய், உங்க அத்தான் எந்தக் கையால சாப்பிடுவாரு?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அத்தான் இறந்து வருஷங்கள் ஆகின்றன. அவரும் எங்கள் நாணயச்சாலையில்தான் அழுத்து எந்திரத்தில் வேலை பார்த்தார். அந்தக் கால எந்திரத்தில் வில்லைகளைக் கையால் ஊட்ட வேண்டும். ஊட்டும் வாய் வலப்பக்கம். கையைத் தடுக்கும் காப்புக் கம்பியும் அந்தப் பக்கம் மட்டும்தான். வலக்கைக்காரன் கை தப்பித் தவறி உள்ளே போனால் கம்பி தட்டிவிடும். இடக்கைக்காரன் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டுவான். காப்பில்லாத பக்கமாகக் கை உள்ளே போகும். இரண்டு பக்கமும் கம்பி போடுங்கள் என்று அத்தான் மேலிடத்தில் கேட்டிருந்தார். உனக்காக எந்திரத்தை மாற்ற முடியாது, நீ கையை மாற்றிக்கொள் என்றார்கள். ஒருநாள் மூன்று விரல்கள் போயின. விசாரணை நடத்தி, ஊழியரின் தவறான கைப்பழக்கமே காரணம் என்று முடித்து, வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் அக்காவுக்கு நாலு பேர் காசைச் செதுக்கும் வேலை வந்தது.

"அப்ப வேணும்னேதான் வெட்டினியா?"

"பின்ன? நாலு பேரைத் திருப்பி வெட்டத் தெரிஞ்சவளுக்கு ஒருத்தனை வெட்டத் தெரியாதா?"

"காசு வெளிவந்தப்புறம் உன்னை விசாரிச்சாங்களே, அப்ப ஏன் தப்புன்னு ஒத்துக்கிட்ட?"

"சட்டம் தெரியாதா உனக்கு? நாட்டுத் தலைவரைத் தவிர குறிப்பிட்ட ஆள் யாரையும் காசுல போடக் கூடாது. வேணும்னு செஞ்சேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தாயை உடைச்சிருப்பாங்க. தப்புன்னு சொன்னேன். அதுக்குள்ள காசு ஊரெல்லாம் போயிருந்துச்சு, திரும்பக் கூட்டி அள்ள முடியாது. அதனால தாயை விட்டுட்டு என்னைத் தூக்கிப் பாலிஷ் போடுற எடத்துல உக்கார வெச்சாங்க. ஓய்வு பெறுற வரைக்கும் அங்கதான்."

"என்கிட்டகூடச் சொல்லலியே."

"உன்கிட்டயா? எவனாவது 'இது எப்படிங்க'ன்னு கேட்டாப் போதும், நீ கடையை விரிச்சிடுவியே."

சுருக்கென்றது. இன்று காலை விரித்த கடையைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை.

"அத்தான் காசைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. கடையில மீதி வாங்கும்போது கையில வந்திருக்கு. வந்து ஒண்ணும் சொல்லல. அந்தக் கையை எப்பவும் சட்டைப்பையிலயே மறைச்சு வெச்சிருப்பாரே, அன்னிக்கு அந்தக் கையாலயே சாப்பிட்டாரு." கத்தியைத் துணியில் சுற்றினாள். "அவரு கை தப்புன்னு ஒரு தடவை எழுதிட்டானுங்க. அப்ப அவரால ஒண்ணும் சொல்ல முடியல. இப்ப நீ உளியை எடுத்துக்கிட்டு ரெண்டாவது தடவை எழுதப் போற. அடுத்த கூட்டம் எப்போ?"

கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். விழா அழைப்புக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தலைவரே எழுந்து நாற்காலி போட்டார்.

"சார், அதைத் திருத்தாதீங்க. அது தப்பு இல்ல" என்றாள். "அது என் வீட்டுக்காரர். இங்கதான் வேலை பார்த்தாரு. இடக்கைக்காரர்."

பேராசிரியர் பேனாவை மூடினார். அதிகாரிகள் இருவரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல்.

தலைவர் கெட்டவர் அல்ல. குரலை இறக்கிப் பேசினார். "அம்மா, கொஞ்சம் கேளுங்க. அது தப்புன்னா திருத்தணும். தெரிஞ்சே தப்பா இருக்கிற காசை அரசாங்கம் ரெண்டாவது தடவை அடிக்க முடியாது. தப்பு இல்ல, அது ஒரு ஆளுன்னா சட்டப்படி அடிக்கவே முடியாது. ரெண்டுல எது?"

"மூணாவதா ஒண்ணு இருக்குங்க. அப்படியே விட்டுடலாம்."

"அதுக்கு வழி இல்லம்மா. இப்படிச் செய்வோம். இன்னும் கூட்டம் ஆரம்பிக்கல, நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல, நாங்க ஒண்ணும் கேக்கல. காசு திருத்தத்தோட வரும். மேடையில முதல் காசை உங்க கையில கொடுப்போம். செதுக்கினது இவங்கன்னு உங்க பேரைச் சொல்லி அறிவிப்போம். உங்க உழைப்பு நிக்கும். ஒரு சம்மட்டி எந்தத் தோள்ல இருந்தா என்னம்மா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லதான்" என்றாள் அக்கா. "கூட்டம் ஆரம்பிச்சிடுச்சுங்க. நான் சொல்லிட்டேன். எழுதிக்கங்க."

எழுந்து போய்விட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன், உறுப்பினன் அல்லவா. அன்றே நாலு பேர் நீக்கப்பட்டு ஐந்தாவது இடத்தில் கலங்கரை விளக்கம் ஏறியது.

நான் நினைத்தேன், காசு போனாலும் உண்மை எழுத்தில் நிற்கும் என்று. மறுவாரம் கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. நாலு பேர் காசைக் கைவிட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் ஒரு நீண்ட பத்தி. அச்சு கண்ணாடி போன்றது; அதில் இடம் வலம் மாறியிருக்க வேண்டும்; நெடுநேரம் குனிந்து வெட்டுகையில் நினைவு தப்பினால் கை மாறிப்போகும்; அவ்வகைச் செதுக்குப் பிழையால் இவ்வடிவம் மறுவெளியீட்டுக்கு உரியதன்று. என் பேச்சு வரிக்கு வரி அப்படியே இருந்தது. என்னைப் போல் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

தலைவருக்குத் தொலைபேசியில் பேசினேன். "அக்கா சொன்னது இதுல இல்லையே சார்."

"எப்படி இருக்கும்? தனியாள் உருவத்தோட சட்டவிரோதக் காசை இத்தனை வருஷம் புழக்கத்துல விட்டோம்னு நாங்களே எழுதிக் கொடுக்கணுமா? அப்படி எழுதினா விசாரணை வரும். உங்க அக்காவை இந்த வயசுல கூண்டுல நிறுத்தணுமா? யோசிச்சுக்கங்க. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

கையெழுத்துப் போட்டேன்.

பிழையுள்ளது என்று குழுவே எழுதி உறுதிசெய்த தாயைப் பெட்டகத்தில் வைத்திருக்க விதி இல்லை. அதை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்வது எளிய வேலை. இடுக்கியில் பிடித்து, சாணைச் சக்கரத்தின் விளிம்பால் முகத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி. இரண்டு கோடுகளும் சரியாக நடுவில் சந்திக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாலு பேர் காசில் நடு என்பது இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் இடைப்பட்ட இடம். இரண்டு சம்மட்டிகளும் முட்டிக்கொள்கிற இடம். பிரிவில் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அவர்கள் கை ஆடிவிடும் என்று நானே செய்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பில் என்ன இருக்கிறது, அது யாருடைய வாயிலிருந்து வந்தது, ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று.

"என்னைக் கூண்டுல நிறுத்துவாங்கன்னா போட்ட?"

"ஆமாக்கா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை.

"நின்னிருப்பேன்டா" என்றாள். "அங்கயாவது யாராவது எழுதிக்கிட்டிருப்பாங்க."

விழா முடிந்த மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். சும்மா போக மனமில்லாமல் புதிய கலங்கரை விளக்கக் காசு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். மேசையில் வைத்தேன். அக்கா பழைய உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, காசை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கோபுரத்தின் கற்களை, அலைகளை, விளிம்பிலுள்ள எழுத்துகளை. நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன்.

"அச்சு உன் வேலையா?"

"ஆமாக்கா."

"நல்லா வந்திருக்கு" என்று காசைத் திருப்பி என் கையில் வைத்தாள். "ஒரு தப்புகூட இல்ல."

அப்புறம் அடுத்த வீட்டுக் கத்தியை எடுத்துக் கல்லில் தண்ணீர் தெளித்தாள்.