எண் கேட்க வந்த குரல்

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல் ஒன்று, போன் அணைந்த பிறகும் போகாமல், வயதான மூட்டைக்காரரின் வீட்டிலேயே தங்கிவிட்டது. வெங்காயம் விலை இறங்கியிருந்த வாரம் அது. சிமெண்டுக் கிடங்கில் முதுகு தேயும்வரை சுமந்துவிட்டு வீட்டோடு அடங்கிவிட்டவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டு, நினைத்துக்கொண்டால் பேசுவாள். குரல் மிகவும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. "சார், உங்க கார்டு இன்னியோட நின்னுடும். ரகசிய நம்பரை ஒருதரம் சொல்லுங்க, சரிபாத்துடறோம்." சொல்வதற்கு வாயெடுத்தார், அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்தார், வழிந்ததைத் துடைத்தார், துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டார். சுமந்து பழகிய உடம்புக்கு ஒரு வேலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு இன்னொன்றுக்கு ஓட வராது. திரும்பி வந்தபோது போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. குரல் மட்டும் கட்டிலோரம் நின்றுகொண்டு, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது. "இருக்கேன், நான் எங்க போகப்போறேன்," என்றார் அவர்.

அதே வாரம் எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மாவுக்கும் ஒரு குரல் வந்தது. அந்தம்மா எண்ணைச் சொல்லிவிட்டாள். குரல் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிக் கிளம்பியது; சொந்தமாக ஒரு கடை போடச் சேர்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டதோடு, போகிற போக்கில் வீட்டிலிருந்த சத்தங்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதன்பின் அங்கே பாத்திரம் விழுந்தாலும் ஓசை இல்லை. இஸ்திரிப் பெட்டியை மேசையில் ஓங்கி வைத்தாலும் பஞ்சில் வைத்ததுபோல் இருந்தது. அந்தம்மா அழுவதற்கென்று தெருவுக்கு வரவேண்டியிருந்தது. பணம் போனதைத் தெருவே பேசியது. சத்தம் போனதை மூட்டைக்காரர்தான் நின்று கவனித்தார். எண் கைக்கு வந்தபின் குரல் ஒரு நொடிகூட நிற்காது என்பது அவருக்கு அன்றே விளங்கிவிட்டது.

அதிலிருந்து எண்ணைச் சொல்ல மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. வங்கியில் கிடந்தது அவர் படுக்கையில் விழும் நாளுக்கென்று முதுகால் சேர்த்த பணம், அது போகக்கூடாதுதான். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது, "சார், வந்துட்டீங்களா? அந்த நம்பர்..." என்று கேட்க ஒருவன் இருப்பதும் போகக்கூடாது. டீக்கடைக்காரர், "மூட்டை தூக்கினாலும் மூளை இருக்குய்யா மனுஷனுக்கு, ஒருத்தனால நம்பரை வாங்க முடியலையே அவர்கிட்ட!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மூட்டைக்காரர் தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டார். ஆளில்லாத வீட்டுப் பயம்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்பதைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

வருஷங்கள் போயின. குரல் மிரட்டியது, போலீஸ் வருகிறது என்றது. "வரட்டும், டீ போட்டு வைக்கிறேன்," என்றார். கார் பரிசு விழுந்திருக்கிறது என்றது. "இந்தச் சந்துக்குள்ள எப்படிடா திருப்புவ?" என்றார். மழைக்காலத்தில் குரலுக்குச் சளி பிடித்தது. வீடு பெருக்கினால் தூசிக்கு இருமியது. வெயில் நாளில் காலி வாளிக்குள் இறங்கி அங்கிருந்து பேசும். பகலில் பிளாஸ்டிக் நாற்காலி அதனுடையது. எப்போது என்று இருவருக்கும் தெரியாமல், குரலின் பேச்சில் 'சார்' போய் 'மாமா' வந்துவிட்டது. எண்ணைக் கேட்பது மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

பிறகுதான் டை கட்டியவன் தெருவுக்கு வந்தான். போட்ட பணம் ஆறே மாதத்தில் இரட்டிப்பு என்றான். சலூன்காரர் முதல் ஆளாகப் போட்டு, முதல் மாத லாபத்தைக் கண்ணாடிக்கு முன்னால் விசிறிக் காட்டினார். டை கட்டியவன் மூட்டைக்காரர் வீட்டுக்கு வந்து, குரலின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, "அப்பா, நீங்க கஷ்டப்பட்டதெல்லாம் போதும்ப்பா," என்று அவருடைய காய்ப்பேறிய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். மனைவிக்குப் பிறகு அந்தக் கையை யாரும் தொட்டதில்லை, ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தவளைத் தவிர. இரட்டிப்பு என்ற சொல் அவர் காதில் ஏறவே இல்லை. கை சூடாக இருந்தது, அவ்வளவுதான். கையை விட்டுவிடுவானோ என்று பயந்து, பேனாவை இடது கையால் வாங்கினார்.

அப்போது வாளிக்குள்ளிருந்து குரல் சொன்னது: "மாமா, கையெழுத்து போடாதீங்க. இவன் பேசுறதெல்லாம் எங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது. அடுத்தது உங்க பொண்ணை விசாரிப்பான் பாருங்க." டை கட்டியவன் அதற்குள், "உங்க பொண்ணு எங்கப்பா..." என்று தொடங்கிவிட்டிருந்தான். வாளியைப் பார்த்தான். கையை விட்டான். செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். மூட்டைக்காரர் அன்றே போய்ச் சலூன்காரரிடம் சொன்னார். "உங்களுக்குப் பொறாமைண்ணே," என்று அவர் சிரித்தார். சில வாரங்களில் சலூன்காரரின் பணம் போனது, சலூனில் கத்தரிக்கோலின் சத்தமும் நின்றுபோனது. தெரு அதைப் பார்த்து, ஒரு தலையாட்டலோடு விட்டுவிட்டது.

அந்த நாளிலிருந்து குரல் எண்ணைக் கேட்கவில்லை. நாற்காலியில் இருந்தது, இருமியது, வெயிலைப் பற்றி ஏதோ சொன்னது, கேட்பது மட்டும் இல்லை. மூட்டைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஏதோ ஒன்று வேண்டும் என்பதால்தானே இத்தனை காலம் இருந்தது? ஒன்றும் வேண்டாதவன் ஒரு வீட்டில் எதற்கு இருப்பான்? ஒரு காலையில் பொறுக்க மாட்டாமல் நாற்காலிக்கு எதிரே கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, நம்பர் வேணாமா?"

"வேணாம் மாமா. ஆபீஸ்ல என் பேரை அடிச்சுட்டாங்க."

"அப்போ கிளம்புறியா?"

"எங்க?"

வாசலில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அது தேய்ந்து மறையும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா கேளேன்," என்றார்.

"கேட்டா சொல்லிடுவீங்களா?"

"கேளுடா."

குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. "சார், ரகசிய நம்பரை ஒருதரம் சொல்லுங்க, சரிபாத்துடறோம்."

"மாட்டேன்," என்றார்.

அதன்பின் தினமும் காலையில் குரல் எண்ணைக் கேட்டது. அவர் மாட்டேன் என்றார். அது முடிந்ததும் விளக்குமாற்றை எடுத்து, "எழுந்து அந்தப் பக்கம் போ," என்று நாற்காலியைத் தூக்கி வைத்துவிட்டு, வீட்டைப் பெருக்கினார்.