டோர்செட் பார்க்கில் ஆழம் பதினொரு மீற்றர்

நாகேஸ்வரிக்கு இரண்டு குதிக்காலும் விட்டுவிட்டு உளைந்த ஒரு தைமாதக் காலையில், கனடாவில், டோர்செட் பார்க்கில் அவள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் பீ-டூ நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்துக்குள் மத்தியதரைக் கடல் வந்திருந்தது. கோழித் தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் பதினெட்டு வருடம் நின்று வந்த உளைவு அது. கட்டிலை விட்டு இறங்கினால் குளியலறை வரைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். வேலைக்குப் போகக் காரை எடுக்க இறங்கியவள் லிஃப்ட் கதவு திறந்ததும் தண்ணீரைக் கண்டாள். குழாய் வெடித்துவிட்டது, இனிக் கட்டடம் முழுக்கச் சுடுதண்ணீர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வெளியே மைனஸ் இருபது குளிர், இந்தத் தண்ணீரோ இளஞ்சூடாக இருந்தது. கார்களெல்லாம் சுவரோரமாக ஒதுங்கி ஈரம் படாமல் நின்றன. யார் ஒதுக்கினார்கள் என்று பிறகு விசாரித்ததில் ஒருவரும் அகப்படவில்லை. நாகேஸ்வரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கரையில் குந்தி இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டாள். உளைவு போய்விட்டது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக வேலைக்குப் பிந்திப் போனாள்.

அது எந்தக் கடல் என்று சொன்னவர் ஒன்பதாம் மாடிக் குலசிங்கம். இளவயதில் கிரேக்கக் கப்பல்களில் வேலை செய்தவர். எங்கே போனாலும் கப்பல் கதைதான், வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஒரு கை அள்ளிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “உது மெடிற்றறேனியன், தங்கச்சி. பிரேயஸ் துறைமுகத்தில விழுந்து குளிச்ச உடம்புக்குத் தெரியாதே?” என்றார். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஆழமும் பார்த்தார். பதினொரு மீற்றர். அதற்குக் கீழே பீ-த்ரீ தளத்தில் கார்கள் வழமைபோல் காய்ந்த தரையில் நின்றன. கட்டடத்தைப் பராமரிக்கும் றோய் இரண்டு தளத்தையும் போய்ப் பார்த்தான். கூரையில் ஒழுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு, விறாந்தை பல்ப் மாற்றப் போய்விட்டான்.

அந்தக் குளிர்காலத்தில் செங்கடலில் கப்பல்களுக்கு ஏவுகணை அடி விழுந்துகொண்டிருந்தது. சுயஸ் கால்வாயால் நுழைய வேண்டிய கப்பல்கள் ஆபிரிக்கா முழுவதையும் சுற்றி ஜிப்ரால்டர் பக்கத்தால் வந்தன. மத்தியதரைக் கடலின் கிழக்குத் துறைமுகங்களில் பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டியபடி சும்மா நின்றன. மேற்குத் துறைமுகங்களிலோ கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுத் தவம் கிடந்தன. அப்படிக் கிடந்து அலுத்த மோல்ட்டாத் தீவுக்காரன் கப்பித்தான் அல்பேட், இருநூறு கொள்கலப் பெட்டிகளோடு ஒரு பனிப்புகாருக்குள் திரும்பி, புகார் விலகியபோது டோர்செட் பார்க்கில் நின்றான். ஏழடி உயரக் கூரைக்குள் கப்பல் எப்படி வந்ததென்று கேட்டவர்கள் வந்து பார்க்கவில்லை. வந்து பார்த்தவர்கள் கேட்கவில்லை. கப்பலிலிருந்து வீசிய கயிற்றைக் குலசிங்கம் மூன்று தரம் பிடித்தார், மூன்று தரமும் அது வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. நான்காம் தரம் நாகேஸ்வரி பிடித்துத் தூணில் சுற்றினாள். கப்பல் கன்றுக்குட்டி போல் வந்து ஒட்டி நின்றது. “தங்கச்சி, உனக்குக் கைராசி. இனி ஆர் வந்தாலும் முதல் கயிறு நீதான்” என்றார் குலசிங்கம். அது அப்படியே வழக்கமாயிற்று. வேறு யாராவது முதல் கயிற்றைப் பிடித்த கப்பல்கள் விடிவதற்குள் தானாக அவிழ்ந்து போய்விட்டன, ஆகவே யாரும் பிறகு முயற்சி செய்யவில்லை.

வேலை இன்னதுதான்: பெரிய கப்பல் கொண்டுவரும் பெட்டியை இறக்கி வைக்க வேண்டும், அது போகவேண்டிய ஊருக்குப் புறப்படும் சின்னக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் என்ன என்று ஏற்றுகிறவருக்குத் தெரியாது, அது அவருடையதும் அல்ல. ஜெனோவாவுக்குப் போவது, இஸ்மிருக்குப் போவது, வலென்சியாவுக்குப் போவது எல்லாம் பீ-டூவில் இறங்கி ஏறின. கோழித் தொழிற்சாலையில் நாகேஸ்வரியோடு நின்ற பெண்கள் பன்னிரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். கோழியை ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று வெட்டிப் பழகிய கை, சும்மா நிற்காது. மற்றத் துறைமுகங்களில் இரண்டு நாள் கிடக்கும் கப்பல் இங்கே மாலையில் வந்து விடியப் போனது. மாலுமிகளுக்கு மீன் றோல்சும் தேநீரும் கொடுத்தார்கள். றோய் மட்டும் சட்டத்தை விடவில்லை. ஒவ்வொரு கப்பலும் விசிற்றர் பார்க்கிங் அட்டையை முன் கண்ணாடியில் தெரியக்கூடியதாக வைக்கவேண்டும் என்றான், கப்பித்தான்களும் வைத்தார்கள். கட்டடத்துப் பிள்ளைகள் அந்த வருடம் முழுக்க மாலுமிகள் கொடுத்த தோடம்பழம் தின்றார்கள். நாகேஸ்வரி ரப்பர்ச் சப்பாத்தும் போடாமல் வெறுங்காலோடு கணுக்கால் தண்ணீரில் நின்று வேலை ஏவினாள். அவளை யாரும் கோழி வெட்டும் லைனுக்குப் போ என்று விரட்டவில்லை. ஐம்பத்துநாலு வயதில் அவளுக்கு அது புதுசு.

கப்பல் கம்பனிகளோடு பேசியவன் அவளுடைய தம்பி ஜெயந்தன். மிசிசாகாவில் கப்பல் சரக்கு ஒழுங்கு செய்யும் கந்தோர் ஒன்றில் அவனுக்கு வேலை. தாய் செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது. சோறு குழைத்துத் தீத்தியதும் அவள், பிறகு கனடாவுக்குக் கூப்பிட்டதும் அவள், ஓவர்டைம் நின்று கொலிஜ் படிப்பித்ததும் அவள். “அக்கா, இங்கிலீசில கதைக்கிறதை நான் பாக்கிறன். நீங்கள் கயித்தைப் பிடியுங்கோ” என்றான், அவளும் சரி என்றாள். அவளுடைய மகள் யதுஷா மட்டும் இரண்டொரு தரம் புறுபுறுத்தாள். “அம்மா, லைக், எல்லா ஈமெயிலும் மாமாட பேருக்குத்தான் வருது. டஸ் எனிவன் ஈவன் நோ யூ எக்ஸிஸ்ற்?”

“அவன் என்ர கையால திண்டு வளந்தவனடி.”

“சோ?”

“சோவும் இல்லை, கீவும் இல்லை. போய்ப் படி.”

இரண்டாம் வருடத்தில் ஜெயந்தனின் பேச்சில் ஆழம் என்ற சொல் வரத் தொடங்கியது. உலகம் பெருங்கப்பலுக்குப் போகிறது என்றான். இருபதாயிரம் பெட்டி சுமக்கிற கப்பலுக்குப் பதினாறு மீற்றர் தண்ணீர் வேண்டும், பதினொன்று வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு? சாம்பல்நிறப் பெருங்கப்பல்கள் வைத்திருக்கிற கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள் என்றான். நாகேஸ்வரி கட்டட நிர்வாகத்திடம் போய்த் தோண்ட அனுமதி கேட்டாள். கீழே பீ-த்ரீயில் ஆட்களுடைய லொக்கர்களும் சைக்கிள்களும் இருப்பதால் ஏலாது என்று பதில் வந்தது. அது நியாயமாகத்தான் அவளுக்கும் பட்டது. ஆனால் கப்பல் என்பது வாடகைக்கு இருக்கிற சனம் மாதிரி. பக்கத்துக் கட்டடத்தில் முதல் மாதம் ஃப்ரீ என்றால் சாமானைக் கட்டிவிடும். சுவருக்குப் பூசிய மஞ்சளையும் பிள்ளைக்குக் கொடுத்த சோற்றையும் நினைத்துக்கொண்டு நிற்காது. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான்.

அந்த ஆவணியில் ஜெயந்தன் அஜக்ஸில் வீடு வாங்கி, புதுவீடு புகும் குடிபூரலுக்கு நாள் வைத்தான். பேஸ்மென்ற் ஆழமான வீடு. குடிபூரலன்று முதல் நிறைகுடத்தைக் கைராசிக்காரர் ஒருவர் மனம் நிறைந்து கொண்டுபோய் வைக்கவேண்டும். எதை நிறைத்து வைக்கிறோமோ அது அந்த வீட்டில் குறையாது என்பது நம்பிக்கை. “அக்கா, அம்மா இல்லை. நீங்கள்தான் வைக்கோணும், வேற ஆரையும் நான் விடமாட்டன்” என்று அவன் போனில் சொன்னான். அவள் அழுதேவிட்டாள். கூறைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். வாசலில் குடம் ஆயத்தமாக நின்றது. மாவிலையும் தேங்காயும் வைத்து, தண்ணீரையும் அவனே நிரப்பியிருந்தான். தூக்கும்போது குடம் இளஞ்சூடாக இருந்ததை அவள் கவனித்தாள். வெயிலில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். சாமி அறை பேஸ்மென்றில் என்றார்கள். படியிறங்கி, கிழக்குப் பார்த்து வைத்து, கண்ணை மூடி, “என்ர தம்பியின்ர வீட்டில எல்லாம் நிறைஞ்சு கிடக்கட்டும், பிள்ளையாரே” என்று வாய்விட்டுக் கேட்டாள். பொய்யில்லாமல் கேட்டாள். அதற்குப் பிறகு பால் பொங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள், மரக்கறிச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அடுத்த கிழமை பீ-டூவில் தண்ணீர் இறங்கியது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். சின்னக் கப்பல்கள் அடி தட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியேறின. சேறு தெரிந்தது, பிறகு பழைய மஞ்சள் கோடுகளும் பார்க்கிங் இலக்கங்களும் தெரிந்தன. அஜக்ஸில் ஜெயந்தன் வீட்டு பேஸ்மென்றில் பதினேழு மீற்றர். அதற்குக் கீழே யாருடைய லொக்கரும் இல்லை. நானூற்றியோராம் நெடுஞ்சாலை கூப்பிடு தூரத்தில். சாம்பல்நிறக் கப்பல்காரருக்கு ஆறு மாதம் துறைமுகக் கட்டணமே இல்லை. அந்த ஒழுங்கெல்லாம் மாசியிலேயே முடிந்துவிட்டதாகவும், குடிபூரலுக்கு நாள் பார்த்தது ஐயர் அல்ல, கப்பல் கம்பனி என்றும் பிறகு தெரிந்தது.

குலசிங்கம் தன் வானில் அவளை அஜக்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியில் கப்பல் கதை ஒன்றும் சொல்லவில்லை. பேஸ்மென்றில் இரும்புப் பாரந்தூக்கிகள் ஆள் இல்லாமல் தாமாகவே பெட்டி தூக்கின. ஓரத்தில் அல்பேட்டின் கப்பலும் நின்றது. அவன் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். அவளிடமே படித்த தமிழில், “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, கொம்பனி சொல்லுது” என்றுவிட்டு உள்ளே போனான். ஜெயந்தன் காதில் போனோடு வந்தான்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. நான் எடுக்காட்டில் வேற ஆரும் எடுத்திருப்பாங்கள். உது கொம்பெற்றிஷன். பிரேயஸும் மோல்ட்டாவும் ஒண்டின்ர கப்பலை ஒண்டு இழுக்கிறதுதான் எங்களுக்கும்.”

“கொம்பெற்றிஷன் எண்டால் செய். அதுக்கு என்ர கை என்னத்துக்கடா?”

அவன் போனைப் பார்த்தான்.

“குடத்துக்குள்ள எங்கட கடல்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போதுமே. நானே கொண்டுவந்து வச்சிருப்பன். நீ கேட்டு நான் எதை இல்லையெண்டனான்?”

“சாப்பிட்டிட்டுப் போங்கோ அக்கா,” என்றான் ஜெயந்தன்.

அவள் சாப்பிடவில்லை. தம்பி வீட்டில் கை நனைக்காமல் அவள் வந்தது அன்றைக்குத்தான். வரும்போது ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து பீ-டூவில் ஊற்றினாள். பின்னேரத்துக்குள் அது காய்ந்து வெள்ளையாய்ப் படிந்தது. பிறகும் இரண்டொரு தரம் செய்து பார்த்தார்கள், அதேதான். அள்ளிக்கொண்டு வருகிற தண்ணீரால் ஆவதில்லை. கடல் யாருடைய வீட்டில் கிடக்கிறதோ அவன் தன் கையால், மனம் நிறைந்து கொண்டுவந்து வைத்தால்தான் நிற்கும். அவள் வைத்தது நின்றது அப்படித்தான். ஆகவே நாகேஸ்வரி சண்டைக்குப் போகவில்லை, வழக்குக்கும் போகவில்லை. யதுஷா லோயர் ஒருவரைப் பார்த்துவைத்தாள். கோர்ட்டால் கட்டளை போட்டு ஒருவன் மனத்தை நிறைக்க முடியாது என்று தாய் சொல்லிவிட்டாள். குலசிங்கத்திடம் சொல்லி ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: ஒரு குடம், உன் கையால், நீ விரும்பி. ஜெயந்தன் இல்லையென்று சொல்லவில்லை. இந்தக் கிழமை பெரிய கப்பல் ஒன்று வருகிறது, அது போகட்டும் என்றான். அது போக இன்னொன்று வந்தது.

பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேர் கோழித் தொழிற்சாலைக்கே திரும்பினார்கள். நாகேஸ்வரியும் போனாள். பழைய சூப்பர்வைசர் அவளைக் கண்டு, “கப்பல் முதலாளி வாறா, வழி விடுங்கோ” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் கொஞ்சம் சிரித்தாள். பீ-டூவில் றோய் உப்பைக் கூட்டி வாளிகளில் நிரப்பி வைத்தான். வேண்டியவர்கள் எடுத்துச் சமைத்தார்கள், மிச்சத்தைப் பனிக்காலத்தில் வாசற்படியில் தூவினார்கள். கார்கள் பழைய இடங்களில் நின்றன. விசிற்றர் பார்க்கிங் அட்டை ஒன்றுக்கு ஒரு சைப்பிரஸ் கப்பல் இன்னும் விண்ணப்பித்திருப்பதாகவும், அது நிலுவையில் இருப்பதாகவும் கந்தோரில் சொல்கிறார்கள்.

அஜக்ஸ் துறைமுகம் நன்றாக நடக்கிறது. பக்கத்து விற்பியில் ஒரு ஆள் இருபது மீற்றர் ஆழ வீடு தேடுகிறார் என்ற பேச்சு வந்தபிறகு, ஜெயந்தன் சாம்பல்நிறக் கப்பல்காரருக்கு இன்னும் ஆறு மாதம் கட்டணம் விட்டுக்கொடுத்திருக்கிறான். இரவில் பேஸ்மென்ற் கதவைப் பூட்டித் திறப்பைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிறான் என்று அவனுடைய மனைவி கஜனி சொல்லிக் கேள்வி. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால், கடலை அள்ளிவிடுவார்கள் என்று வாங்கி வாசலில் வைத்துவிடுகிறாளாம். நாகேஸ்வரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீ-டூவில் ஓரிடத்தைக் கூட்டிக் கழுவி, கோலம் போட்டு, குடம் வைக்க இடம் விட்டு வைக்கிறாள். அந்த இடத்தில் யாரும் காரை விடுவதில்லை. றோய் அதற்கு இலக்கம் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஜெயந்தன் தன் அக்காவுக்கு ஒரு கடல் தரவேண்டும். இன்னும் தரவில்லை.